63 வயதில், குதிகால் வலிக்குப் பிறகு மறுபடி ஓடலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். வயது 63. தோட்டத்தில் மண்டோராக (மேற்பார்வையாளராக) இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாக வாரத்தில் நான்கு நாள், காலையில் ஐந்து கிலோமீட்டர் ஓடி வந்தவர். போன வருடம் இடது குதிகாலுக்கு மேலே வலி வந்தது. நான்கு மாதம் ஓடவே இல்லை, வலி போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தார். மூன்றாவது வாரத்தில் அதே இடத்தில் அதே வலி. தொட்டால் சின்னக் கட்டி மாதிரி இருக்கிறதாம். இனிப்புநீருக்கு (நீரிழிவுக்கு) மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறார். தனியார் கிளினிக் ஒன்றில் "ஊசி போட்டால் சரியாகிவிடும்" என்றார்களாம். மகன் "இனிமேல் நடந்தாலே போதும்ப்பா, முட்டியும் தேய்ந்துவிடும்" என்கிறானாம். ஊசி போடலாமா, முட்டி தேயுமா, வருடக் கடைசியில் ஈப்போவில் நடக்கும் பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கலாமா என்று மூன்று கேள்வி.

அண்ணே, "மிஸ்ஸி" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். நான் நர்ஸ் இல்லை, அரசாங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் பிசியோவாக (இயன்முறை சிகிச்சையாளராக) இருந்தவள். ஆனால் தோட்டத்து ஆட்களுக்கு வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லாரும் மிஸ்ஸிதான். எனக்கும் அது பழகிவிட்டது, அப்படியே கூப்பிடுங்கள்.

ஓடலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற வேகத்தில் இல்லை, நினைக்கிற மாதத்திலும் இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். காரணம் தெரியாமல் பயிற்சியை மட்டும் சொன்னால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவீர்கள். அப்படி விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் ஆட்கள் இதை "நரம்பு இழுத்துக்கொண்டது" என்பார்கள். அது நரம்பு இல்லை, நாண். ஆடுசதையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கிற தடித்த கயிறு. உடம்பில் இருக்கிற நாண்களிலேயே மிகத் தடித்தது அதுதான். ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உங்கள் எடையைப் போல ஆறு மடங்குக்கும் மேலான இழுப்பை அது தாங்குகிறது. 70 கிலோ ஆள் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வலி எங்கே என்பதைச் சரியாகப் பாருங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அந்த நாணைப் பிடித்துக் கீழிருந்து மேலே நகர்த்துங்கள். எலும்புக்கு மேலே இரண்டு மூன்று விரல் தள்ளி வலித்தால் அது நடுநாண் வலி. எலும்போடு ஒட்டுகிற இடத்திலேயே வலித்தால் அது வேறு வகை, பயிற்சியும் கொஞ்சம் மாறும். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் முதல் வகை மாதிரிதான் தெரிகிறது. அந்தக் கட்டிதான் பழுதான இடம். நாண் அங்கே தடித்திருக்கிறது, உள்ளே இழைகள் ஒழுங்காக இல்லை. புற்று கிற்று என்று பயப்பட வேண்டாம்.

இப்போது அந்த நான்கு மாத ஓய்வுக்கு வருவோம். வலி போனது உண்மை. ஆனால் நாண் சரியாகவில்லை. ஓய்வில் வலி குறையும், நாண் பலம் பெறாது; இன்னும் சொன்னால் பலம் இழக்கும். வேலை கொடுத்தால்தான் அது கெட்டிப்படும். நான்கு மாதத்துக்கு முன் ஐந்து கிலோமீட்டர் தாங்கிய நாண், அதற்குப் பிறகு இரண்டு கிலோமீட்டர்கூடத் தாங்காத நிலையில் இருந்திருக்கும். அதன் மேல் நீங்கள் பழைய ஐந்தைப் போட்டிருக்கிறீர்கள்.

இதில் நெஞ்சும் நுரையீரலும் சேர்ந்து ஏமாற்றும். ஓட ஆரம்பித்து மூன்று வாரத்திலேயே மூச்சு வாங்குவது குறையும். "பழைய ஆள் திரும்பிவிட்டான்" என்று தோன்றும். சதைக்கு அதைவிட நாள் பிடிக்கும், நாணுக்கு மாதக்கணக்கு. டென்மார்க்கில் 2013இல் ஓர் ஆய்வு வந்தது. 1950களிலும் 60களிலும் அணுகுண்டுச் சோதனைகள் நடந்தபோது காற்றில் கலந்த கார்பனை அடையாளமாக வைத்து, குதிநாணின் உள்பகுதி எப்போது உருவானது என்று பார்த்தார்கள். ஏறக்குறைய 17 வயதுக்குள் உருவானதுதான் அது, அதற்குப் பிறகு அந்த உள்பகுதி புதுப்பிக்கப்படுவதே இல்லை என்கிற அளவுக்குக் குறைவு என்று தெரிந்தது. அதாவது இன்று உங்கள் குதிகாலில் இருக்கிற கயிறு, தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் வெறுங்காலோடு ஓடிய பையனுடைய கயிறு. அதை அவசரப்படுத்த முடியாது.

இதைப் புத்தகத்தில் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். எனக்கு 54 வயதில், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்க விளையாட்டுப் போட்டியில் தொடர் ஓட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று இழுத்துவிட்டார்கள். சின்ன வயதில் ஓடியவள்தானே என்ற நினைப்பு எனக்கும். ஓட்ட வீராங்கனை ராஜாமணி 1966இல் நாட்டின் முதல் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருதை வாங்கியவர், அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் எங்கள் லயத்துப் பெண் பிள்ளைகளை அப்பா ஓட விட்டார். சரி, கதைக்கு வருகிறேன். திடலின் வளைவில் திரும்பும்போது ஆடுசதையில் "டப்" என்று யாரோ கல் எறிந்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தேன், பின்னால் ஒருவரும் இல்லை. உட்கார்ந்துவிட்டேன். ஆடுசதை கிழிந்தவர்கள் பத்துக்கு எட்டுப் பேர் இதையே சொல்லி நான் கேட்டிருக்கிறேன், கல் எறிந்தார்கள், உதைத்தார்கள் என்று. இருந்தும் என் காலில் நடந்தபோது கல் எறிந்தது யார் என்றுதான் தேடினேன்.

நான்கு வாரம் ஒழுங்காக இருந்தேன். ஐந்தாவது வாரம் வலியே இல்லை. ஒரு காலை, வீட்டுக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்துப் பாதையில் மெதுவாக ஓடிக்கொண்டிருந்தபோது நாய் ஒன்று துரத்தியது. பத்தே அடிதான் வேகமாக வைத்தேன், அதே இடத்தில் மறுபடி கிழிந்தது. நோயாளிகளுக்குத் தினமும் சொல்கிற புத்தியை நானே கேட்கவில்லை. மெதுவாக ஓடுவதற்குக் கால் தயாராக இருந்தது, திடீர் வேகத்துக்குத் தயாராக இல்லை. இரண்டாவது முறை ஐந்து மாதம் ஆனது.

சரி, என்ன செய்ய வேண்டும்? உங்கள் வீட்டுப் பின்வாசலில் சிமெண்டுப் படி இருக்கும் இல்லையா, அது போதும். சுவரையோ கதவு நிலையையோ கையால் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டு காலின் முன்பாதமும் படியின் ஓரத்தில், குதிகால் வெளியே தொங்குகிற மாதிரி நில்லுங்கள். இரண்டு காலாலும் எழும்பி விரல்மேல் நில்லுங்கள். இப்போது வலது காலை எடுத்துவிட்டு, முழு எடையையும் இடது காலில், அதாவது வலிக்கிற காலில் விடுங்கள். முட்டியை மடக்காமல், மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணிக்கொண்டு, குதிகால் படிக்குக் கீழே இறங்கும் வரை மெதுவாக இறங்குங்கள். கீழே போனதும் வலது காலை வைத்து இரண்டு காலாலும் எழும்புங்கள். இறங்குவது நோய்ப்பட்ட காலின் வேலை, ஏறுவதற்கு நல்ல கால் கை கொடுக்கும். இது ஒன்று. இப்படி 15 முறை, ஒரு நிமிடம் இளைப்பாறி மறுபடி 15, மறுபடி 15. அப்புறம் அதே கணக்கில் முட்டியை லேசாக மடக்கிக்கொண்டு செய்யுங்கள். முட்டி மடங்கினால் ஆடுசதையின் உள்ளடுக்கு வேலை செய்யும், ஓட்டத்தில் பெரிய பாரத்தைத் தாங்குவது அந்த அடுக்குதான். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒரு நாளைக்கு மொத்தம் 180.

இது ஹோகன் ஆல்ஃபிரட்சன் என்ற சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவரின் முறை. அவர் கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. அவரும் ஓடுகிறவர், அவருக்கும் இதே வலி. அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறார். "இதற்கெல்லாம் விடுப்புக் கொடுக்க முடியாது" என்று அவர் மறுத்துவிட்டார். நாண் முழுதாக அறுந்தால் அறுவை செய்துதானே ஆக வேண்டும் என்று, அதை அறுக்கும் நோக்கத்தோடு வலிக்க வலிக்க இந்தப் பயிற்சியைச் செய்திருக்கிறார். அறுபடவில்லை, வலிதான் போனது. பிறகு இதே வலியுள்ள 15 ஓட்டக்காரர்களுக்கு 12 வாரம் இதைக் கொடுத்துப் பார்த்து 1998இல் எழுதினார். 15 பேரும் மறுபடி ஓடினார்கள். எல்லா ஆய்விலும் அப்படி 15க்கு 15 வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் இந்த வலிக்கு முதல் மருந்து பாரம் கொடுப்பதுதான் என்பதை அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் மாற்றவில்லை.

தினம் 180 என்பது 63 வயதில் அலுப்பான வேலை, எனக்குத் தெரியும். இன்னொரு வழியும் இருக்கிறது: வாரத்தில் மூன்று நாள் மட்டும், ஆனால் கனத்தோடு. பள்ளிப் பையில் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்து முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். மூன்று எண்ணி ஏறி, மூன்று எண்ணி இறங்குங்கள். எட்டு, பத்து முறைக்கு மேல் முடியாத அளவுக்குப் பாரம் இருக்க வேண்டும். இரண்டு முறையையும் ஒப்பிட்டுப் பார்த்ததில் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். என் நோயாளிகளில் வயதானவர்கள் இந்த இரண்டாவதைத்தான் விடாமல் செய்தார்கள். முதல் இரண்டு வாரம் பை இல்லாமல் பழகிவிட்டு இதற்கு மாறுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் செய்வேன். எலும்போடு ஒட்டுகிற இடத்தில் வலி என்றால் மட்டும் குதிகாலைப் படிக்குக் கீழே இறக்கக்கூடாது, தரையிலேயே நின்று ஏறி இறங்க வேண்டும்.

செய்யும்போது வலிக்கும். வலிக்கத்தான் செய்யும். பத்துக்கு எவ்வளவு வலி என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வரை இருக்கலாம். ஆனால் தீர்ப்பு அப்போது இல்லை, மறுநாள் காலையில். படுக்கையிலிருந்து எழுந்து குளியலறைக்குப் போகிற முதல் பத்து அடியைக் கவனியுங்கள். வழக்கமான விறைப்பு இருந்து, அங்கே போய்ச் சேருவதற்குள் விட்டுவிட்டால் நேற்றுச் செய்தது சரியான அளவு. பல் விளக்கி, தேத்தண்ணி போடுகிற வரை நொண்டினீர்கள் என்றால் நேற்று அதிகம், இன்று குறைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலை வலி பத்துக்கு எத்தனை என்ற எண்ணை ஒரு நாட்காட்டியில் தினமும் குறித்து வையுங்கள். என்னிடம் வந்த ஒரு பெரியவர் சீனர் கடையில் கொடுத்த நாட்காட்டியில் நான்கு எண் லாட்டரிப் பரிசு முடிவைக் குறிக்கிற கட்டத்துக்குப் பக்கத்திலேயே வலி எண்ணையும் எழுதி வந்தார். மூன்று மாதம் தவறவில்லை. பரிசு விழுந்ததா என்று கேட்டேன், சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஓட்டத்துக்கு எப்போது போகலாம்? அரை மணி நேரம் வேகமாக நடந்து மறுநாள் காலை கூடுதல் வலி இல்லாமல் இருக்க வேண்டும். அப்புறம் தரையில் ஒற்றைக் காலில் நின்று விரல்மேல் எழும்பிப் பாருங்கள். முதலில் வலது காலில் எத்தனை முடிகிறது என்று எண்ணுங்கள், பிறகு இடது காலில். இடது அதற்கு ஓரளவு பக்கத்தில் வர வேண்டும். வலது 15 என்றால் இடது நான்கில் நிற்கும்போது ஓடக்கூடாது. பெரும்பாலும் ஐந்தாறு வாரத்தில் இது வரும்.

வந்த பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஆறு முறை, அதோடு வீட்டுக்கு வந்துவிடுங்கள். வெட்கமாகத்தான் இருக்கும். இருபது வருடம் ஓடிய ஆள் கோவில் வளைவு வரை ஓடிவிட்டு நடக்கிறாரே என்று சைக்கிளில் போகிறவன் பார்ப்பான், பார்க்கட்டும். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம்தான் வேகம். மூச்சு இரைத்துப் பேச்சு அறுந்தால் அது கூடுதல். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓட்ட நிமிடத்தை ஒன்று கூட்டுங்கள். மறுநாள் காலை எண் ஏறினால் அந்த வாரம் கூட்டாதீர்கள். நீளத்தை முதலில் கூட்டுங்கள், மேட்டை அப்புறம், வேகத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில். நாய்க்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு நின்று திரும்பிப் பாருங்கள், ஓடாதீர்கள்.

ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதை மட்டும் மீறாதீர்கள். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. பால்மரத்தை, ரப்பர் மரத்தை, ஒருநாள் விட்டு ஒருநாள் சீவுவதுதானே வழக்கம்? விலை ஏறிவிட்டது என்று தினமும் சீவினால் கொஞ்ச நாளைக்குப் பால் வரும், அப்புறம் கோட்டில் பால் வற்றிப் பட்டை காய்ந்துவிடும். நாணிலும் அதே கணக்குதான். ஓடிய பிறகு ஏறக்குறைய ஒரு நாள், ஒன்றரை நாள் வரை அதில் கட்டுவதைவிடக் கரைவது அதிகம். அதற்குப் பிறகுதான் கட்டுமானம் முந்துகிறது. கரைகிற நேரத்தில் மறுபடி ஓடினால் நட்டத்தின் மேல் நட்டம். ஓடாத நாளில் நடக்கலாம், சைக்கிள் மிதிக்கலாம்.

எங்கே ஓடுவது என்பதும் நம் ஊரில் ஒரு கேள்வி. செம்மண் பாதை மெத்தென்று இருக்கும் என்று ஆசைப்படுவோம். ஆனால் பழக்குலை லாரி போய்ப் போய் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் திட்டு. ஒரு கால் மேலே ஒரு கால் கீழே வைத்து ஓடினால் நாண் பக்கவாட்டில் முறுக்கும். மழை பெய்த மறுநாள் கேட்கவே வேண்டாம். முதல் இரண்டு மாதம் பெரட்டுக் களத்திலோ (காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற திடல்) பள்ளித் திடலிலோ சுற்றுங்கள். சலிப்பாக இருந்தாலும் சமதளம், கால் வலித்தால் நடந்து வீடு சேரலாம். விடிவதற்கு நம் பக்கம் ஏழு மணி ஆகிவிடும். ஆறரைக்கே கிளம்புகிறவர் என்றால் தலையில் கட்டுகிற விளக்கு ஒன்று வாங்குங்கள். புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் அன்று ஓட்டம் இல்லை, படிப் பயிற்சி மட்டும்.

சப்பாத்து பற்றிச் சுருக்கமாக: குதிப்பகுதி கொஞ்சம் உயர்ந்த சாதாரண ஓட்டச் சப்பாத்து போதும், விலை உயர்ந்தது வேண்டியதில்லை. நாள் முழுக்கத் தட்டையான ஜப்பான் சிலிப்பரில் நடக்கிறீர்களா, அதை முதலில் மாற்றுங்கள். ஓடுவது அரை மணி நேரம்தான், சிலிப்பர் பத்து மணி நேரம். கோடாலித் தைலம் தேய்ப்பதால் கெடுதல் இல்லை, சூடாக இதமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சதை புதிதாகக் கிழிந்திருந்தால் உருவி விடுகிறவரிடம் காலைக் கொடுக்காதீர்கள். உள்ளே இரத்தக் கசிவு கூடும்.

வயதைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு நாண் தடித்து விறைக்கும், ஆறவும் நாளாகும். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைப்பது இந்தக் குதிகாலுக்கும் மருந்துதான். ஓடி வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் அண்ணியிடம் காட்டுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தது தெரியாது. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்குவது அரிது. பிறகு வேறு மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தார்கள் என்றால் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், பையில் இரண்டு இனிப்பு இருக்கட்டும். மாடி ஏறினால் நெஞ்சு அடைக்கிறது, மயக்கம் வருகிறது என்றால் குதிகாலைப் பிறகு பார்க்கலாம், முதலில் இதயத்தைப் பாருங்கள். உங்கள் வயதில், அதுவும் இனிப்புநீரோடு, அப்படி ஒன்றும் இல்லாவிட்டாலும் ஓட ஆரம்பிக்கும் முன் ஒரு முறை கிளினிக்கில் நெஞ்சைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று, இதை மருந்து கொடுக்கிறவர்களே சில சமயம் சொல்ல மறந்துவிடுகிறார்கள். சிறுநீர்க் கிருமிக்கும் நெஞ்சுச் சளிக்கும் கொடுக்கிற சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் குதிநாணைக் கெடுக்கும், அறுக்கவும் செய்யும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008இலேயே மருந்தட்டையில் கறுப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கச் சொன்னது. 60 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து கூடுதல், ஸ்டீராய்டும் சேர்ந்தால் இன்னும் கூடுதல். எந்தக் காரணத்துக்காகக் கிருமி மாத்திரை கொடுத்தாலும் "எனக்குக் குதிநாணில் பழுது இருக்கிறது" என்று வாயைத் திறந்து சொல்லுங்கள்.

இதிலிருந்து ஊசிக்கு வருகிறேன். கிளினிக்கில் சொன்னது ஸ்டீராய்டு ஊசி என்றால் வேண்டாம் என்பேன். வலி சில வாரம் நன்றாகக் குறையும், அதுதான் அதில் இருக்கிற ஆபத்தே. குதிநாணுக்குள் போட்டால் நாண் பலவீனமாகி அறுந்துபோக வாய்ப்பு உண்டு. வலி தெரியாததால் நீங்கள் வேகமும் கூட்டியிருப்பீர்கள். போடப் போவது என்ன மருந்து, நாணுக்குள்ளா வெளியிலா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற இடத்துக்கு மறுபடி போகாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் கடிதம் வாங்கி ஆஸ்பத்திரிப் பிசியோவைப் பார்ப்பதற்குக் காத்திருக்க வேண்டிவரும், ஆனால் செலவு ஒன்றும் பெரிதில்லை.

காத்திருக்கக்கூடாத இரண்டு நிலை உண்டு. "டப்" என்று சத்தம் கேட்டு விரல்மேல் எழும்பவே முடியவில்லை என்றால் குப்புறப் படுத்துக்கொண்டு யாரையாவது ஆடுசதையை அமுக்கச் சொல்லுங்கள். நல்ல காலில் பாதம் தானாக அசையும். அசையாவிட்டால் நாண் அறுந்திருக்கிறது, அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றது, ஓடாமலேயே ஒரு பக்க ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்து வலித்தால் அது சதைப் பிடிப்பு இல்லாமல் இரத்தக் கட்டியாக இருக்கலாம். அதற்கும் தைலம் தேய்த்துக்கொண்டு உட்காரக்கூடாது.

முட்டி விஷயத்தில் உங்கள் மகன் சொல்வது ஊர் நம்பிக்கை, எல்லாரும் சொல்வதுதான். இடுப்பு, முட்டித் தேய்மானத்தைப் பற்றிய பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து 2017இல் கணக்குப் பார்த்தார்கள். உடம்புக்காகவும் ஆசைக்காகவும் ஓடுகிறவர்களில் 3.5 விழுக்காட்டினருக்குத் தேய்மானம், ஓடாமல் உட்கார்ந்திருப்பவர்களில் 10.2 விழுக்காடு, போட்டிக்காகவே கடுமையாக ஓடியவர்களில் 13.3 விழுக்காடு. நாம் முதல் கூட்டம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1984 முதல், 50 வயதைத் தாண்டிய 500க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 19 வருடம் கழித்துப் பார்த்தால் ஓடியவர்களில் 15 விழுக்காட்டினர் இறந்திருந்தார்கள், ஓடாத கூட்டத்தில் 34 விழுக்காடு. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தானே ஓடவே வருகிறார்கள் என்று மகன் கேட்டால் அதிலும் நியாயம் உண்டு, ஆய்வாளர்களும் அதை மறுக்கவில்லை. ஆனால் ஓடியதால் முட்டி போய் மூலையில் உட்கார்ந்தார்கள் என்பதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. முன்பே முட்டி அடிபட்டு அறுவை செய்தவர்கள் கதை வேறு, நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

கடைசியாக அந்தப் பத்து கிலோமீட்டர். இது ஆகஸ்டு. இன்றைக்கே படியில் ஏறினாலும் பன்னிரண்டு வாரம் முடிய நவம்பர் ஆகிவிடும். அப்போதுதான் நீங்கள் நாலு நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடக்கிற கட்டத்தில் இருப்பீர்கள். டிசம்பரில் பத்து கிலோமீட்டர் ஓடினால் முடித்துவிடுவீர்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூச்சு இழுத்துக்கொண்டு போய்விடும். ஜனவரியில் மறுபடி எனக்கு இதே கேள்வியை எழுதுவீர்கள். அங்கே ஐந்து கிலோமீட்டர் பிரிவு இருந்தால் அதற்குப் பெயர் கொடுங்கள். கூட்டத்தின் கடைசியில், பிள்ளை வண்டி தள்ளிக்கொண்டு வருகிறவர்களோடு நின்று கிளம்புங்கள். முன்னால் நின்றால் சின்னப் பையன்கள் வேகத்துக்குக் கால் தானாகப் போகும், நீங்கள் பிடித்து நிறுத்த முடியாது. நடக்கிற நிமிடம் வந்ததும் நடந்துவிடுங்கள், தண்ணீர் மேசை வரை என்று தள்ளிப்போடாதீர்கள்.

பத்தை அடுத்த வருட நடுவில் பார்க்கலாம். இன்னொரு கணக்கும் போட்டு வைத்திருக்கிறேன். மூத்தோர் தடகளத்தில் ஐந்து வயதுக்கு ஒரு பிரிவு. இன்னும் இரண்டு வருடத்தில் 65லிருந்து 69 வரைக்குமான பிரிவில் நீங்கள்தான் சின்னப் பையன். அதுவரை படிப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு நாளாவது விடாமல் வையுங்கள். இரண்டு வாரம் கழித்து, காலையில் முதல் பத்து அடி எப்படி இருக்கிறது, ஒற்றைக் காலில் இடது எத்தனை, வலது எத்தனை என்று எழுதுங்கள். பையில் எவ்வளவு அரிசி வைப்பது என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.